டாஷ்போர்டில் குடியிருக்கும் மேப்பும் பாக்கெட்டில் வரும் மேப்பும்

2024 பொங்கலுக்கு முந்தைய வாரம். வேலூரிலிருந்து மாமாவின் காரில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். பின்சீட்டில் அவருடைய அம்மா. அத்தையை அன்று ராத்திரி திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். பூந்தமல்லி தாண்டியதும் வழி பார்க்கலாமே என்று போனை எடுத்தேன். மாமாவுக்குச் சுருக்கென்றது.

"உள்ள வை மாப்ள. கம்பெனி மேப்பு இருக்கும்போது போன் எதுக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2017-ல் வண்டி எடுத்தபோது, டாஷ்போர்டு நடுவில் இருக்கும் அந்த ஏழு அங்குலத் திரைக்காகவே டாப் மாடலுக்குப் போனவர் அவர். பஸ் ஸ்டாண்டு என்று தேடினார். திரை யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு திருப்பத்தையும் முன்கூட்டியே சொல்லி, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், எங்களைக் கோயம்பேட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே ஒரு ஆட்டோக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்: "தெக்க போற எஸ்.இ.டி.சி. எல்லாம் கிளாம்பாக்கம் போயி ரெண்டு வாரம் ஆச்சே சார்." 2023 டிசம்பர் 30 அன்றே புதிய பேருந்து முனையம் திறந்தாகிவிட்டது. செய்தியில் பார்த்தது எங்கள் யாருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. மாமா காரின் திரையில் கிளாம்பாக்கம் என்று தட்டினார். அது திருவள்ளூர் பக்கத்தில் இருக்கும் வேறொரு கிளாம்பாக்கத்தைக் காட்டியது. கடைசியில் என் போனை அத்தை மடியில் வைத்துக்கொண்டு, அது சொல்லச் சொல்ல மதுரவாயல் பைபாஸில் ஏறிப் போனோம்.

மாமாவின் மேப் பொய் சொல்லவில்லை. 2017-ஐப் பொறுத்தவரை அது சொன்னது முழுக்கச் சரி.

கார் வாங்கும்போது, நேவிகேஷன் உள்ளேயே இருக்கிற மாடலா, இல்லை தனியாக எதையாவது வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் பேச்சு திரையின் அளவில் போய் முட்டிக்கொள்கிறது. திரை இதில் கடைசி விஷயம். வழிகாட்டும் கருவி எதுவானாலும் அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. இன்னொன்று, அந்த இடத்தைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது. முதல் வேலையைச் செய்யும் ஆன்டெனாவும் சென்சாரும் பத்து வருடம் ஆனாலும் பெரிதாகக் கெடுவதில்லை. இரண்டாவது வேலையைச் செய்யும் மேப் பால் பாக்கெட் மாதிரி, வாங்கிய அன்றிலிருந்தே திரியத் தொடங்கிவிடும். உள்ளேயே பொருத்திய கருவிக்கு முதல் வேலை நன்றாக வரும். கையோடு கொண்டுவரும் கருவிக்கு இரண்டாவது வேலை நன்றாக வரும். இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நம் கருவி அவற்றோடு பேசுவதில்லை, அவை சொல்வதைக் கேட்க மட்டுமே செய்கிறது. அதனால் இடத்தைக் கண்டுபிடிக்க இணையமே தேவையில்லை. "சிக்னல் இல்ல, ஜி.பி.எஸ். வேலை செய்யாது" என்று நாம் சொல்லும்போது உண்மையில் நின்றுபோவது மேப் இறங்குவதுதான். இணையம் இருந்தால் ஒரு சௌகரியம் உண்டு. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் வானத்திலிருந்து நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் வரும். முழுப் பட்டியலையும் கேட்டு முடிக்க பன்னிரண்டரை நிமிடம். போன் அதையே டவரிலிருந்து சட்டென்று வாங்கிக்கொள்கிறது. பழைய தனி நேவிகேட்டர்கள் ஊர்விட்டு ஊர் போய் ஆன் செய்தால் நிமிடக்கணக்கில் 'தேடுகிறேன், தேடுகிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான்.

அவ்வளவு தூரத்திலிருந்து வரும் சிக்னல் மிக மெலிந்தது. கூரையில் சுறாத் துடுப்பு மாதிரி நிற்கும் ஆன்டெனாவுக்கு வானம் முழுசாகத் தெரியும். ஏ.சி. துளையில் மாட்டிய போனுக்குக் கண்ணாடி வழியாகத் தெரிகிற வானம் மட்டும்தான். சூட்டைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த விண்ட்ஷீல்டு என்றால் அதுவும் மங்கல். இது முதல் வித்தியாசம். இதைவிட முக்கியமான வித்தியாசம் சக்கரத்தில் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே பொருத்திய நேவிகேஷனுக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியும். வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று கைரோஸ்கோப் சொல்லும். ரிவர்ஸ் கியர் போட்டால் அதுவும் தெரியும். ஆகவே வானம் மறைந்துபோனாலும், 'கடைசியாக இங்கே இருந்தோம், இவ்வளவு தூரம் உருண்டோம், இவ்வளவு வளைந்தோம்' என்று கூட்டிக் கழித்து இடத்தைச் சொல்லிவிடும்.

சொல்லப்போனால் கார் நேவிகேஷன் பிறந்ததே இப்படித்தான். 1981-ல் ஹோண்டா ஜப்பானில் கொண்டுவந்த எலக்ட்ரோ கைரோகேட்டரில் செயற்கைக்கோள் கிடையாது. ஹீலியம் வாயுவை வைத்துத் திருப்பத்தை அளக்கும் ஒரு கைரோ, சக்கரக் கணக்கு, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் தாளில் அச்சடித்த வரைபடம், அதற்குப் பின்னால் நகரும் ஓர் ஒளிப்புள்ளி. அவ்வளவே. வரைபடத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டால் அடுத்த தாளை எடுத்துச் செருக வேண்டும். 1985-ல் அமெரிக்காவில் வந்த ஈடாக் கருவி மேப்பைக் கேசட்டில் வைத்திருந்தது. ஜி.பி.எஸ். பொருத்திய கார் என்று வந்தது 1990-ல், மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ. அப்போதும் பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே முதல் தேதி அதிபர் கிளின்டன் அந்தக் கலப்பை நிறுத்தச் சொன்ன பிறகுதான், நான்கு சக்கரக் கணக்கு எதுவும் தெரியாத ஒரு சின்னப் பெட்டி விண்ட்ஷீல்டில் ஒட்டிக்கொண்டு வழி சொல்ல முடிந்தது. 2004-ல் டாம்டாம் கோ, அடுத்த ஆண்டு கார்மினின் நூவி என்று வரிசையாக வந்தவை எல்லாம் அந்த உத்தரவின் பிள்ளைகள்.

நம் சாலைகளில் இந்தச் சக்கரக் கணக்கு எங்கே உதவும்? மதுரைக்குப் போங்கள். நத்தம் சாலைக்கு மேலே 2023 ஏப்ரலில் திறந்த பறக்கும் சாலை 7.3 கிலோமீட்டர் நீளம். மேலே ஒரு சாலை, அதற்கு நேர் கீழே இன்னொரு சாலை. மேலிருந்து வரும் சிக்னலை மட்டும் நம்பும் கருவிக்கு இரண்டும் ஒரே கோடு. ஜி.பி.எஸ். உயரத்தையும் சொல்லும். ஆனால் பக்கவாட்டில் வரும் பிழையைவிட உயரத்தில் வரும் பிழை அதிகம். பாலத்தின் உயரமே அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும். நீங்கள் கீழே போய்க்கொண்டிருக்க, போன் நீங்கள் மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டு அடுத்த திருப்பத்தைச் சொல்லாமலே விட்டுவிடும். வண்டியின் சாய்வை அறியும் சென்சாரோடு சேர்ந்த நேவிகேஷன், 'ஏறினோமா இல்லையா' என்பதை வைத்துத் தீர்மானிக்கிறது. கூகுள் 2024 ஜூலையில் இந்தியாவின் 40 நகரங்களுக்கு 'மேம்பாலத்தில் ஏறு' என்று முன்கூட்டியே சொல்லும் வசதியைக் கொண்டுவந்ததும் இந்தத் தொல்லைக்காகத்தான். அது ஏறச் சொல்லும். நீங்கள் ஏறாமல் விட்டுவிட்டால் அது உடனே தெரிந்துகொள்ளுமா என்பது வேறு விஷயம்.

சென்னை கத்திப்பாரா மேம்பாலச் சந்திப்பில் பிரச்சினை இன்னொரு விதம். அங்கே ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடைவெளி குறைவு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் கடக்கிறோம். போனில் உங்கள் புள்ளி இரண்டு நொடி பிந்தினால் 28 மீட்டர் போச்சு. ஏர்போர்ட் போக வேண்டியவர் பூந்தமல்லி ரோட்டில் இருப்பார். கோவையிலிருந்து திருச்சூர் போகிறவர்களுக்குக் குதிரான் சுரங்கம் தெரியும், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே வாகனங்கள் நின்றுவிட்டால் பல போன்கள் பழைய வேகத்திலேயே போவதாக ஊகித்துக்கொண்டு, உங்களுக்கு முன்னால் சுரங்கத்தைவிட்டு வெளியே போய்விடும்.

இதையெல்லாம் கேட்டால் உள்ளே பொருத்தியதுதான் உசத்தி என்று தோன்றும். இடம் கண்டுபிடிப்பதில் உசத்திதான், சந்தேகமே இல்லை. ஆனால் கத்திப்பாராவில் தவறவிட்ட திருப்பத்துக்குப் பத்து நிமிடத்தில் பரிகாரம் உண்டு. பஸ் ஸ்டாண்டே இடம் மாறியது தெரியாத மேப்புக்கு என்ன பரிகாரம்?

கார் கம்பெனி மேப் வண்டியின் உள்நினைவகத்திலோ எஸ்.டி. கார்டிலோ இருக்கும். மாமா வண்டியில் ஆர்ம்ரெஸ்ட்டுக்குக் கீழே ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால் நகக்கண் அளவில் கார்டு. அந்தக் கார்டு அந்த வண்டிக்கு மட்டும் பூட்டியது. வேறு கார்டில் நகல் எடுத்துப் போட்டால் ஏற்காது. புதிய மேப் வேண்டுமென்றால் சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டும். சில வண்டிகளுக்குச் சில வருடம் இலவசம், அப்புறம் காசு. மாமா ஒருமுறை கேட்டுப் பார்த்தார். கவுன்டரில் இருந்த பையன் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "இந்த மாடலுக்கு இப்போ வர்றதில்ல சார்" என்றானாம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பல கம்பெனியில் இதே கதைதான். ஒரு கார் பத்துப் பதினைந்து வருடம் ஓடும். அதைத் தயாரித்தவர்களின் கவனம் மூன்று நான்கு வருடத்தில் அடுத்த மாடலுக்குப் போய்விடும். நடுவில் இருக்கும் வருடங்களுக்கு மேப்புக்கு நாதி கிடையாது. 2022 புத்தாண்டு அன்று வெளிநாடுகளில் நேவிகேஷன் உள்ள பழைய ஹோண்டா, அக்யூரா கார்கள் பலவற்றில் கடிகாரம் 2002-க்குத் திரும்பிப்போனது. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே இருந்த மென்பொருளுக்குத்தான் வயசாகிவிட்டது.

இப்போது வரும் கார்களில் இ-சிம் இருக்கிறது, மேப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்கிறார்கள். உண்மைதான். நம் நாட்டில் 2019 வாக்கில் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் காலத்திலிருந்து இது சாதாரணமாகிவிட்டது. ஆனால் அதற்குச் சந்தா உண்டு, இலவசக் காலம் முடிந்ததும் கட்ட வேண்டும். நெட்வொர்க்குக்கும் ஆயுள் உண்டு. அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் ஒரு பெரிய நிறுவனம் தன் 3ஜி சேவையை நிறுத்தியபோது, 3ஜி மோடத்தோடு வந்த கார்களில் இணைய வசதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. போனில் 3ஜி போனால் புதுப் போன் வாங்குவோம். மோடம் செத்துப்போனது என்று காரை மாற்ற முடியுமா?

இன்னொரு விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. நாம் விலாசம் சொல்லும் முறை. உள்ளே பொருத்திய பழைய நேவிகேஷன்கள் ஊர், தெரு, கதவு எண் என்ற வரிசையில் கேட்கும். ஜெர்மனியில் அது எடுபடும். நம் ஊரில் கதவு எண் பழையது ஒன்று, புதியது ஒன்று. தெருப் பெயர் பலகையில் ஒன்று, வழக்கத்தில் ஒன்று. 'பிள்ளையார் கோவில் தாண்டி, ரைஸ் மில்லுக்கு எதிர்சந்து, வேப்பமரம் இருக்கும்' என்பதுதான் நம் விலாசம். இப்போது அதுவும் சுருங்கி 'லொகேஷன் அனுப்பு' என்று ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி சொல்ல கியூஆர் கோடு அச்சடிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த புள்ளியைப் போனில் ஒரு தட்டு தட்டினால் வழி வந்துவிடும். அதையே காரின் திரைக்குக் கொண்டுபோவது பெரும் பாடு. சில வண்டிகளில் கம்பெனி ஆப் வழியாக அனுப்பலாம். பழையவற்றில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். முகூர்த்த நேரத்தில் யார் தட்டுவது? தமிழும் அப்படித்தான். கூகுள் மேப் 2018-லேயே தமிழில் வழி சொல்ல ஆரம்பித்துவிட்டது. பல கார்களில் இன்னும் ஆங்கிலம், இந்தி இரண்டோடு சரி. தமிழ் ஊர்ப்பெயரை அந்தக் குரல் உச்சரிக்கும் அழகைக் கேட்டால் ஊர்க்காரரே வழி தப்பிவிடுவார்.

அப்படியானால் தனி நேவிகேட்டர்? விண்ட்ஷீல்டில் ஒட்டும் அந்தப் பெட்டி நம் ஊரிலும் ஒரு காலத்தில் மவுசாகத்தான் இருந்தது. 1995-ல் டெல்லியில் ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா தம்பதி தொடங்கிய மேப்மைஇந்தியா அத்தகைய கருவிகளை விற்றது. இன்று பல கார்களின் உள் நேவிகேஷனுக்கு மேப் கொடுப்பதும் அவர்கள்தான். அந்தக் கருவிகளுக்கு உலை வைத்த நாள் 2009 அக்டோபர் 28. ஆண்ட்ராய்டு போனில் திருப்பம் திருப்பமாக வழி சொல்லும் நேவிகேஷனை இலவசமாகத் தருவதாகக் கூகுள் அன்று அறிவித்தது. அன்றே கார்மின், டாம்டாம் பங்குகள் பலமாகச் சரிந்தன. முந்தைய ஆண்டுதான் டாம்டாம் டெலி அட்லஸ் என்ற மேப் நிறுவனத்தை 290 கோடி யூரோ கொடுத்து வாங்கியிருந்தது, பாவம்.

தனி நேவிகேட்டர் செத்துப்போகவில்லை, ஒதுங்கிவிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லாரி டிரைவர்கள் இன்றும் இதை வாங்குகிறார்கள். வண்டியின் உயரம், எடை, நீளத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் தாழ்வான பாலத்தின் கீழே போகாத வழியைக் காட்டும். சாதாரணக் கார் மேப்புக்கு அது தெரியாது. நம் ஊரில் கார் வைத்திருப்பவர் இன்று இதற்குத் தனியாகக் காசு செலவழிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அடிக்கடி டவர் கிடைக்காத காட்டுப் பக்கம் போகிறவராக இருந்தாலும், போனில் முன்கூட்டியே மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். கூகுள் மேப்பில் அந்த வசதி 2015-லிருந்து இருக்கிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்அண்ட் போன்றவை முழு மாநிலத்தையே போனுக்குள் வைத்துக்கொள்ளும்.

புதிய மேப் என்றால் அப்படியே நம்பிவிடலாம் என்று அர்த்தமில்லை. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஒரு கார், போன் சொன்ன வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்தின் மீது ஏறிய கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தைச் சரியாக அடைத்துவைக்காதது அதிகாரிகள் தரப்பின் குறை. மேப்பில் அந்தப் பாலம் முழுசாகவே இருந்தது. ஊட்டியிலிருந்து மைசூருக்கு ராத்திரி புறப்படுகிறவருக்கு மேப் வழி காட்டினாலும், பந்திப்பூர் காட்டுச் சாலை 2009-லிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை மூடியே இருக்கும் என்பதை அவர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் உள்ளே இருப்பது, வெளியே இருப்பது இரண்டும் ஒரே குட்டையில் ஊறியவை. ஆனால் மழைக்காலத்தில் சென்னை துரைசாமி சப்வேயில் தண்ணீர் நின்று போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள் என்பதைச் சீக்கிரம் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு, இணையத்தில் இருக்கும் போனுக்குத்தான் உண்டு.

போனின் பலவீனம் சூடு. ஆப்பிள் தன் ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது. சித்திரை வெயிலில் வேலூரில் அந்த 35 காலை பத்து மணிக்கே போய்விடும். டாஷ்போர்டு மேல் வைத்து, திரையை முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, கூடவே சார்ஜும் போட்டால், உளுந்தூர்பேட்டை வருவதற்குள் போன் திரையை மங்கலாக்கும். அப்புறம் 'நான் கொஞ்சம் ஆறிக்கொள்கிறேன்' என்று படுத்துவிடும். காரின் திரை தொழிற்சாலையிலேயே இதைவிட மோசமான சூட்டில் சோதித்து அனுப்பியது. போனைத்தான் நம்புவது என்றால் ஹோல்டரை ஏ.சி. துளையில் மாட்டுங்கள். குளிர்காற்று பின்பக்கம் படும். பயணி பக்க ஏர்பேக் மூடியின் மேல் ஹோல்டரை ஒட்டாதீர்கள். ஏர்பேக் வெடிக்கும்போது ஹோல்டரும் போனும் சேர்ந்து முகத்துக்கு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்குக் குழப்பம். 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது போன் மாதிரியான கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம் என்கிறது. ஹோல்டரில் இருந்தால் சரி. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன் என்று பிடித்துக்கொண்டு, "மேப்தான் சார் பார்த்தேன்" என்று போலீஸ்காரரிடம் சொல்வது எடுபடாது.

இந்த இழுபறிக்கு ஒரு சமரசம் 2014-லும் 2015-லும் வந்தது. ஆப்பிள் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ. போன் பாக்கெட்டிலேயே இருக்கும், அல்லது கேபிளில் தொங்கும். மேப் அதிலிருந்து வரும். திரை, ஸ்பீக்கர், மைக் காருடையது. சில கார்கள் தங்கள் ஆன்டெனா சொல்லும் இடத்தையும் போனுக்குக் கொடுக்கின்றன. நான் முதலில் பிரித்துக் காட்டிய இரண்டு வேலைகளும் இங்கே அவரவருக்குப் பொருத்தமான ஆளிடம் போய்ச் சேர்கின்றன. போனை மாற்றினால் நேவிகேஷன் புதுசாகிவிடும், காரைத் தொடவே வேண்டாம். இந்த வசதி இப்போது பல கார்களில் நடுத்தர வேரியன்ட்டிலேயே கிடைக்கிறது. ஆகவே ஷோரூமில் 'நேவிகேஷன் இருக்கு சார்' என்று சொல்லி ஒரு படி மேலே இருக்கும் வேரியன்ட்டுக்குத் தள்ளப் பார்த்தால், அந்தப் படியில் வேறு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கூடுதல் ஏர்பேக், நல்ல விளக்கு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நேவிகேஷனுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன்.

ஒரே ஒரு இடத்தில் என் பேச்சை மாற்றிக்கொள்வேன். மின்சாரக் கார். அதில் நேவிகேஷனின் வேலை வழி சொல்வதோடு முடிவதில்லை. பேட்டரியில் எவ்வளவு மிச்சம், ஏற்காடு மலை ஏற எவ்வளவு குடிக்கும், இறங்கும்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தச் சார்ஜரில் நிறுத்தினால் போதும் என்று கணக்குப் போட வேண்டும். சில கார்கள் சார்ஜரை நெருங்கும்போதே பேட்டரியைத் தகுந்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்கின்றன. இதற்கெல்லாம் வண்டியின் வயிற்றுக்குள் பார்க்கிற கண் வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் போனுக்குப் பெரும்பாலும் அந்தக் கண் கிடையாது. மின்சாரக் கார் வாங்குகிறவர் உள் நேவிகேஷனை ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் செய்வது இன்னொன்று. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடத்துக்குப் போய் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிக்கொள்வது. மோசமில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் கறாராக நில்லுங்கள். வயரை வெட்டி டேப் சுற்றாமல் கப்ளர்-டு-கப்ளர், அதாவது காரின் பிளக்கிலேயே நேராகச் செருகும்படி, போடச் சொல்லுங்கள். வெட்டினால் வாரன்டி போகும், ஷார்ட் ஆனால் வண்டியே போகும். இரண்டாவது, அந்த ஸ்டீரியோவோடு தீப்பெட்டி அளவில், நீளமான வயரும் அடியில் காந்தமும் வைத்த ஒரு கறுப்புச் சதுரம் வரும். அதுதான் ஜி.பி.எஸ். ஆன்டெனா. அவசரத்தில் இருக்கும் மெக்கானிக் அதைச் ஸ்டீரியோவுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தின் நடுவில் சொருகிவிட்டு மூடிவிடுவார். அப்புறம் 'ஸ்டீரியோ சரியில்ல, வண்டி ரோட்ட விட்டு வயல்ல ஓடுறதா காட்டுது' என்று புலம்ப வேண்டியதுதான். விண்ட்ஷீல்டுக்குக் கீழே, பிளாஸ்டிக்குக்கு அடியில், வானம் பார்க்க வைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. கூட இருந்து பார்த்துக்கொண்டால் செய்வார்.

மாமா போன வருடம் அந்த வண்டியைக் கொடுத்துவிட்டார். வாங்க வந்தவர் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்த்து முடித்ததும், நான் திரையைத் திறந்து பழைய இடங்களின் பட்டியலைப் பார்த்தேன். உள் நேவிகேஷனில் பலர் மறக்கும் இடம் இது. 'வீடு' என்று வேலூர் விலாசம் அப்படியே இருந்தது. அக்காவின் ஆபீஸ், பிள்ளைகளின் ஸ்கூல், மாமாவின் டாக்டர், புளூடூத்தில் ஏறிய போன் நம்பர்கள் எல்லாம் வரிசையாக நின்றன. போனையோ தனி நேவிகேட்டரையோ கையோடு எடுத்துப் போய்விடுவோம். இது வண்டியோடு அடுத்தவர் வீட்டுக்குப் போகும். செட்டிங்ஸில் கடைசியில் 'ஃபேக்டரி ரீசெட்' இருந்தது. அமுக்குவதற்கு முன்னால் பட்டியலின் மேல் வரியைப் பார்த்தேன். கடைசியாகப் போன இடம்: கோயம்பேடு பேருந்து நிலையம். அந்த ராத்திரிக்குப் பிறகு மாமா அந்தத் திரையிடம் ஒருமுறைகூட வழி கேட்கவில்லை.